கிராமட்டிகல் எவல்யூஷன்: பாதி நிரல்கள் முடியவே மாட்டேங்குது

மூணு வாரமா இதுலயே மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ரயான், காலின்ஸ், ஓ'நீல் 1998-ல முன்வைத்த கிராமட்டிகல் எவல்யூஷன் முறையை (எண்வரிசையை இலக்கண விதிகள் வழியா நிரலா மாத்தி, தலைமுறை தலைமுறையா மேம்படுத்துறது) பைத்தான் 3.11-ல நானே எழுதிப் பார்க்கிறேன். நிரல் கண்டுபிடிக்க வேண்டிய இலக்கு, எல்லாரும் முதல்ல போடுற அதே நாலாம் படிப் பல்லுறுப்புக்கோவைதான்.

இலக்கணத்துல கோவைக்கு நாலு விதி: கோவை-குறி-கோவை, அதுவே அடைப்புக்குறிக்குள்ள, சைன் போட்ட கோவை, வெறும் மாறி. கோடான், அதாவது அந்த எண்வரிசையில உள்ள ஒவ்வொரு எண்ணும், 0–255; அதை நாலால வகுத்த மீதிதான் விதியைத் தேர்ந்தெடுக்கும். மக்கள்தொகை (ஒரு தலைமுறையில உள்ள எண்வரிசைகள்) 500, ஒவ்வொண்ணும் நீளம் 200 கோடான், தீர்ந்தா இரண்டு முறை முதல்லேருந்து சுத்தி வரும்.

முதல் தலைமுறையிலேயே ஏறக்குறைய பாதி முழுசா விரியாம செத்துப்போகுது. கணக்குப் போட்டா அதுவும் சரிதான்: ஒரு கோவை சராசரியா 1.25 கோவையைப் பெத்துப்போடுது, எப்படி அடங்கும்!

சுத்து எண்ணிக்கையைப் பத்தாக்கினேன், பலனில்லை. மாறிலிக்கு ஐந்தாவது விதி சேர்த்தேன். சாவு குறைஞ்சது, ஆனா வெறும் மாறியும் மாறிலியுமா கூட்டம் நிரம்பிடுச்சு. தொடக்க நிரல்களை வருவிப்பு மரமா (எந்த விதி எங்க விரிஞ்சதுன்னு காட்டுற மரம்) வளர்த்தேன். முதல் தலைமுறை சுத்தம், ஒற்றைப்புள்ளிக் கலப்புக்கு (ரெண்டு எண்வரிசையை ஒரு இடத்துல வெட்டி வால்களை மாத்துறது) அப்புறம் கோடான்களோட பொருளே மாறி மறுபடி அதே கதை.

இலக்கணத்தைத் திருத்துறதை விட்டுட்டு, கலப்பை நேரடியா வருவிப்பு மரத்துல செய்யலாமா?