பனியாறு விட்டுப்போன மண்: நடுவில் வரும் மணலைக் கோடு போட்டு இணைக்கலாமா?

தரமணி_ஜியோ:
வணக்கம். தரமணியில் ஒரு கன்சல்டன்சியில் வேலை. வெளிநாட்டு சைட்களின் போர் லாக் (துளை போட்டு, எந்த ஆழத்தில் என்ன மண் என்று எழுதிய பதிவு) வரும், அதை வைத்துக் குறுக்குவெட்டுப் படம் வரைந்து, மாசு எந்தப் பக்கம் போகும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது கையில் இருப்பது ஒஹையோவின் வடமேற்கில், டொலிடோ பக்கம், பழைய டிரை கிளீனிங் கடை இருந்த இடம். துணி சுத்தம் செய்யும் கரைப்பானான பெர்க்ளோரோஎத்திலீன் கசிந்திருக்கிறது. நாலு போர்ஹோலிலும் பெரும்பாலும் 'கிளே'. இரண்டில் மட்டும் நடுவே மணல், ஒன்றில் 18 அடியில், இன்னொன்றில் 27 அடியில். அடுத்தடுத்த கிணறுகளிலேயே நீர்மட்டம் 9 அடி வித்தியாசப்படுகிறது. அடையாறு, வேளச்சேரி லாக் என்றால் மணல், களிமண், கீழே சிதைந்த சார்னகைட் பாறை என்று ஓரளவு தொடர்ந்து வரும், பழகிய விஷயம். இங்கே இந்த இரண்டு மணலையும் இணைக்கலாமா? கிளேதானே, கீழே இறங்காது என்று எழுதலாமா?

மண்ணடி_மூர்த்தி:
இணைக்காதீங்க. முதலில் அந்த 'கிளே' எந்த கிளே என்று பாருங்கள். அந்தப் பகுதியில் இரண்டு வகை இருக்கிறது. பனிப்பாளம் நேராகப் போட்டுவிட்டுப் போன டில், அதில் களிமண், மணல், கூழாங்கல், சில இடத்தில் பாறாங்கல் வரை எல்லாம் தரம் பிரியாமல் கிடக்கும், கற்களில் தேய்ந்த முகமும் கீறலும் தெரியும். இன்னொன்று, பனி பின்வாங்கியபோது தேங்கிய மௌமி ஏரியின் அடியில் படிந்தது. அதில் கல் அரிது, மெல்லிய வரி வரியாக இருக்கும். சேம்பிள் போட்டோ இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள், லாக் எழுதியவர் இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டிருப்பார்.

டில்லுக்குள் வரும் மணல் பனிக்கு அடியில் ஓடிய உருகுநீர் விட்ட துண்டாக இருக்கலாம், சில அடியிலேயே முடிந்துவிடும். உங்கள் 9 அடி வித்தியாசமும் அதைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன். இரண்டும் ஒரே மணலாக இருந்தால் அவ்வளவு பக்கத்தில் நீர்மட்டம் இப்படிப் பிரிந்து நிற்காது. நம்ம ஊர் ஆற்றுப் படிவைப் படித்த கண்ணோடு பார்த்தால் கை தானாகக் கோடு போட்டுவிடும், அதுதான் ஆபத்து.

சைட்_அக்கா:
மூர்த்தி சார் சொன்னது சரி, ஆனால் 'இறங்காது' என்ற பகுதியை அவர் விட்டுவிட்டார். எனக்கு அதுதான் முக்கியம். டில்லின் மேல்பகுதி காற்றுப்பட்டுப் பழுப்பாகவும், கீழ்ப்பகுதி சாம்பலாகவும் இருக்கும். பழுப்பு டில்லில் செங்குத்தாக விரிசல்கள் ஓடும், சுவரில் துருக்கறை படிந்திருக்கும், சில விரிசல் சாம்பல் டில்லுக்குள்ளும் போகும். லேபில் சின்ன சேம்பிளை வைத்து அளந்தால் நீர் ஊடுருவவே இல்லை என்று வரும், அந்தச் சேம்பிளுக்குள் விரிசல் விழுந்திருக்காது. கிணற்றிலேயே ஸ்லக் டெஸ்ட் (நீர்மட்டத்தைச் சட்டென்று மாற்றி, அது எவ்வளவு வேகத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்று பார்ப்பது) எடுத்தால் அதைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு அதிகமாக வருவது சகஜம். பெர்க்ளோரோஎத்திலீன் தண்ணீரைவிடக் கனமானது, விரிசல் கிடைத்தால் நீர்மட்டத்தோடு நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும். அங்கே அடியில் இருப்பது டோலமைட், சுண்ணாம்புப் பாறை, அதிலிருந்து குடிநீர்க் கிணறுகள் உண்டு. அதனால் 'கிளே தடுக்கும்' என்ற ஒரு வரியை யாருடைய ரிப்போர்ட்டிலும் சும்மா விடமாட்டேன்.

தரமணி_ஜியோ:
நன்றி அக்கா, நன்றி சார். லாக்கை மறுபடி எடுத்தேன். 14 அடியில் பழுப்பு போய்ச் சாம்பல் ஆகிறது என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது போர்ஹோலில் 41 அடியில் 'பாறை, துளை நின்றது' என்று முடிகிறது. மற்ற மூன்றும் 60 அடி போயும் பாறை வரவில்லை.

மண்ணடி_மூர்த்தி:
அந்த 41 அடிப் பாறையை நம்பாதீங்க. டில்லில் பாறாங்கல்லில் பிட் முட்டி நின்றால் அதையே பாறை என்று எழுதுவது நடக்கும். கோர் (உருளையாக வெட்டியெடுக்கும் பாறைத் துண்டு) எடுத்துச் சில அடி உள்ளே போய்ப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் படத்தில் அங்கே பாறைக் கோடு வேண்டாம், கேள்விக்குறி போடுங்கள். நம் நாட்டிலேயே ஒடிசாவின் தால்ச்சிரில் களிமண்ணுக்கு நடுவே பெரிய பெரிய கற்கள் கிடப்பதைப் பார்த்துத்தான், 1856-இல் பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் அது பனி கொண்டுவந்தது என்று சொன்னார்கள். அது சுமார் 30 கோடி வருஷத்துக்கு முந்தையது, இறுகிப் பாறையாகிவிட்டது. ஒஹையோவில் அதே கலவை இன்னும் மண்ணாகவே இருக்கிறது.

சைட்_அக்கா:
கிளையன்ட்டிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒரே இடத்தில் வேறு வேறு ஆழத்தில் இரண்டு மூன்று கிணறு போட்டால் தண்ணீர் கீழ்நோக்கிப் போகிறதா என்று தெரியும், இப்போது உங்களிடம் அது இல்லை. அப்புறம் லைடார் தரைப்படம், அதாவது லேசரால் தரையின் மேடுபள்ளத்தை அளந்து போட்ட படம். டொலிடோவைச் சுற்றிப் பழைய ஏரியின் கரைமேடுகள் மணலாக நிற்கின்றன. சைட் அப்படி ஒரு மேட்டின் மேல் இருந்தால் முதல் சில அடியில் மாசு பக்கவாட்டிலேயே ஓடிவிடும், உங்கள் நாலு கிணறுமே தப்பான இடத்தில் இருக்கலாம். படம் வரையும் முன் இதைப் பாருங்கள்.