ஸ்கைடைவிங்: பழைய ரிக் வாங்கலாமா? ஹெல்மெட்டில் கோப்ரோ எப்போது மாட்டலாம்?

மடிவாளா மேகம்:

வணக்கம். இருப்பது பெங்களூரு மடிவாளா, சொந்த ஊர் தேனிப் பக்கம். போன ஜனவரியில் பட்டாயா போய் ஸ்கைடைவிங்கில் ஏ லைசென்ஸ் (ஆரம்ப நிலை உரிமம்) முடித்தேன். இதுவரை 38 ஜம்ப், எல்லாம் வாடகை ரிக்கில்தான் (பை, பட்டை, பாராசூட் எல்லாம் சேர்ந்த செட்). வாடகைக்குக் கொடுத்ததை ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், வயிற்றைக் கலக்கிவிட்டது. அதனால் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

அங்கே பழக்கமான ஒருவர் தன் ரிக்கை விற்கிறார். 2009-இல் செய்த ஜாவலின் கன்டெய்னர் (பட்டையோடு சேர்ந்த பை), சேபர்2 170 மெயின் (170 சதுர அடி முதன்மைப் பாராசூட்), பிடி கம்பெனியின் ரிசர்வ் (அவசரப் பாராசூட்), சைப்ரஸ் ஏஏடி (ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி), எல்லாம் சேர்த்து 2,900 டாலர். மெயினில் 600 ஜம்ப் ஆகியிருக்கிறதாம். என் எடை 74 கிலோ, உயரம் 168 செ.மீ. அவர் ஆறடிக்கு மேல். "பெல்ட்டை இறுக்கிக்கொண்டால் போதும்" என்கிறார்.

இன்னொன்று. என்னிடம் ஒரு கோப்ரோ இருக்கிறது. பைக் ஹெல்மெட்டில் மாட்டி நந்தி மலைக்குப் போய்வந்த கோப்ரோ. அதையே ஸ்கைடைவ் ஹெல்மெட்டின் உச்சியில் ஒட்டிவிடலாமா? பெரிய வீடியோவெல்லாம் எடுக்கும் எண்ணமில்லை. பையன் எதிலிருந்து குதிக்கிறான் என்று அம்மாவுக்கு ஒரு தடவை காட்ட வேண்டும், அவ்வளவுதான். என்ன ஹெல்மெட், என்ன மவுன்ட் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அல்சூர் காத்தாடி:

வாழ்த்துகள் தம்பி. 38 ஜம்ப்பில் எனக்கும் இதே இரண்டு ஆசைகள்தான். இரண்டையும் தப்பாகச் செய்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இப்போது 640 ஜம்ப், அதில் பாதிக்கு மேல் தலையில் கேமராவோடு.

ரிக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். "பெல்ட்டை இறுக்கிக்கொண்டால் போதும்" என்றார் பாருங்கள், அந்த ஒரு வரிக்காகவே நான் அவரிடம் வாங்க மாட்டேன். கால் பட்டையையும் மார்புப் பட்டையையும்தான் இறுக்க முடியும். தோளில் மூன்று வளையம் இருக்கிறதே, அங்கிருந்து இடுப்புவரை இறங்குகிற மெயின் லிஃப்ட் வெப் நீளத்தை ஸ்டூடன்ட் ரிக்கில் கூட்டிக் குறைக்கலாம். சொந்த ரிக்குகளில் பெரும்பாலும் அது ஒருவர் உடம்புக்கு அளந்து தைத்தது. என் முதல் ரிக் என்னைவிட ஒரு சாண் உயரமானவருடையது. கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தபோது குறையே தெரியவில்லை. கேனபி (பாராசூட் துணி) விரிந்ததும் நான் பட்டைக்குள் கீழே இறங்கிவிட்டேன். மார்புப் பட்டை தாடைக்கு வந்துவிட்டது, வளையங்கள் காதுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. கட்அவே கைப்பிடி (கோளாறான மெயினைக் கழற்றிவிடும் பிடி), கை பழகின இடத்தில் இல்லை. குனிந்து தேடலாமென்றால் பட்டை தலையைக் குனிய விடவில்லை. நல்லவேளை, அன்றைக்குக் கட்அவே தேவைப்படவில்லை. அப்புறம் மாஸ்டர் ரிக்கரிடம் (பாராசூட் தைக்கவும் மடிக்கவும் உரிமம் உள்ளவர்) கொடுத்துப் பிரித்துத் தைத்தேன். மலிவாக வாங்கியதில் மிச்சம் பிடித்தது அத்தனையும் அதில் போயிற்று.

அடுத்து கேனபி. உங்கள் 74 கிலோவோடு ரிக், ஷூ, ஹெல்மெட், துணி என்று 12 கிலோ சேர்த்தால் 86. பவுண்டில் 190. 190 சதுர அடிக் கேனபி என்றால் விங் லோடிங் (ஒரு சதுர அடிக்கு எத்தனை பவுண்டு) சரியாக 1. அதுதான் ஏ லைசென்ஸ்காரர்களுக்குச் சொல்லப்படுகிற மேல் எல்லை. 170 என்றால் 1.12 வருகிறது. இத்தனூண்டுதானே என்று தோன்றும். பட்டாயாவில் மதியம் இரண்டு மணிக்குக் காற்றே இல்லாமல் இறங்கிப் பாருங்கள், அந்த இத்தனூண்டு முழங்காலில் தெரியும். சூடான காற்று அடர்த்தி குறைவு, கேனபி வேகமாகத்தான் வரும். 170-க்குத் தைத்த கன்டெய்னரில் 190 அடங்குமா என்பதை ரிக்கரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

600 ஜம்ப் ஆன மெயினில் துணியைவிட லைன்தான் (கேனபியின் கயிறுகள்) கவலை. ஸ்பெக்ட்ரா லைன் என்றால், ஸ்லைடர் (விரிகிற வேகத்தைக் குறைக்க லைன்களில் வழுக்கி இறங்கும் துணி) உரசுகிற சூட்டில் ஓரத்து லைன்களும் பிரேக் லைன்களும் சுருங்கும், நடு லைன்கள் அவ்வளவு சுருங்காது. விரிவது முரட்டுத்தனமாகிவிடும், ஒரு பக்கம் இழுக்கவும் ஆரம்பிக்கும். கடைசியாக எப்போது லைன் மாற்றினார் என்று கேளுங்கள். "மாற்றவே இல்லை, அருமையாக இருக்கிறது" என்றால் விலையில் சில நூறு டாலர் குறையுங்கள்.

பிடி ரிசர்வின் லேபிளில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு ரீபேக்குக்கும் (பிரித்து மறுபடி மடிப்பது) ரிக்கர் ஒரு கட்டத்தில் குறிப்பார். 40 ரீபேக் அல்லது 25 தடவை விரித்தது, இரண்டில் எது முதலில் வந்தாலும் கம்பெனிக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும். அந்த லேபிளின் போட்டோ கேளுங்கள். ஏஏடியில் தயாரித்த மாதம், வருடம் கேளுங்கள். பழைய சைப்ரஸின் ஆயுள் பன்னிரண்டரை ஆண்டு, புதிய தலைமுறைக்குப் பதினைந்தரை. கன்டெய்னரோடு சேர்த்து வாங்கிய ஏஏடி என்றால் அது இந்நேரம் வெறும் பொம்மை.

இப்போது கேமரா. அமெரிக்கச் சங்கமான யுஎஸ்பிஏ சொல்வது சி லைசென்ஸ், அதாவது 200 ஜம்ப். அதோடு, கேமரா மாட்டப் போகிற அதே ரிக்கில் அண்மையில் 50 ஜம்ப். பரிந்துரைதான், சட்டமில்லை. ஆனால் நல்ல டிராப்சோன் (குதிக்கும் தளம்) எதிலும் 38 ஜம்ப்காரரை கோப்ரோவோடு விமானம் ஏற்ற மாட்டார்கள்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான், அதற்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று நானும்தான் சண்டை போட்டேன். 200 முடிந்த கையோடு மாட்டினேன். பன்னிரண்டாவது கேமரா ஜம்ப் என்று நினைக்கிறேன். பைலட் ச்சூட்டை (மெயினை இழுத்துத் திறக்கும் குட்டிப் பாராசூட்) வீசிய கையோடு பக்கத்தில் போகிற தோழியைப் படம் பிடிக்கத் தலையைத் திருப்பினேன். தலை திரும்பினால் தோள் சாயும், தோள் சாய்ந்தால் கேனபி கோணலாக விரியும். லைன் முறுக்கிக்கொண்டு, ரைசர் (லைன்களைத் தோளோடு இணைக்கும் பட்டை) இரண்டும் பின்னங்கழுத்தில் சேர்ந்து தலையைக் கீழே அமுக்கிவிட்டன. சும்மா ஹெல்மெட் என்றால் ரைசர் நழுவி விலகியிருக்கும். உச்சியில் கேமரா இருந்ததால் ரைசர் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. மேலே என்ன நடக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. காலை உதைத்து உதைத்து முறுக்கைப் பிரித்து நிமிர்ந்தபோது ஆல்டிமீட்டர் 2,200 அடி. அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. முக்கால் நிமிஷம் என் முழங்கால்கள் மட்டும்.

அதனால், 200 வந்த பிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்று சொல்கிறேன். அல்சூர் சந்தையில் பூக்காரம்மாவிடம் பூ கட்டுகிற நூல் ஒரு உருண்டை வாங்குங்கள். ஹெல்மெட்டை மாட்டி, கேமராவையும் பொருத்தி, வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நூலின் இரு முனையையும் பிடித்துத் தலையின் எல்லாப் பக்கமும் இழுத்துக்கொண்டே வர வேண்டும்: பின்னாலிருந்து முன்னால், காதிலிருந்து உச்சிக்கு, தாடைக்கு அடியில். எங்கே நூல் நிற்கிறதோ அங்கே ஒரு நாள் லைன் நிற்கும். கோப்ரோவோடு வருகிற சாதாரண மவுன்ட்டில் முதலில் மாட்டுவது அந்தத் திருகாணித் தலை. அப்புறம் கேமராவுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கு. இடுக்கை ஃபோம் வைத்து அடைத்து காஃபர் டேப் ஒட்டலாம். திருகாணிக்கு வைத்தியம் கிடையாது, தாழ்வான ஸ்கைடைவ் மவுன்ட் வாங்கத்தான் வேண்டும். என் அம்மாதான் நூல் இழுத்தாள். "பூ வைக்க வேண்டிய தலையில் என்னத்தடி வைத்திருக்கிறாய்" என்றாள்.

ஒட்டுகிற மவுன்ட் என்றால் ஒட்டி 24 மணி நேரம் தொடாதீர்கள், பிசின் பிடிக்க அவ்வளவு நேரமாகும். கேமராவைக் கயிறு கட்டி வைக்கிற வேலை வேண்டாம், அதுவே ஒரு கண்ணி. கட்டக் கடைசியில் கேமராவோடு ஹெல்மெட்டையே கழற்றி எறிய ஒரு கட்அவே தாடைப் பட்டை வேண்டும். கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பழகுங்கள். கோணம் வைப்பது சுலபம்: சுவரில் ஒரு பொட்டு ஒட்டி மூன்று மீட்டர் தள்ளி நின்று, கண் பார்க்கிற இடம் படத்தின் நடுவில் வரும்வரை திருகுங்கள்.

ஹெல்மெட்டை இப்போதே வாங்கலாம், அதற்குக் காத்திருக்க வேண்டாம். குக்கி, டோன்ஃப்ளை இரண்டும் போட்டிருக்கிறேன். எதுவானாலும் தலையை உலுக்கினால் கன்னத்துச் சதை கூடவே ஆட வேண்டும், ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது. காதோரம் ஆடிபிள் ஆல்டிமீட்டர் (உயரத்தைச் சத்தத்தால் சொல்லும் கருவி) வைக்க உறை இருக்கிறதா பாருங்கள். கோப்ரோவுக்குச் செலவழிக்க நினைத்ததை அதில் போடுங்கள். பைக் ஹெல்மெட் பேச்சே வேண்டாம். ஹைதராபாத் காற்றுச் சுரங்கத்துக்கு ஒரு நடை போய், புது ஹெல்மெட்டோடு பறந்து பாருங்கள், எங்கே அழுத்துகிறது என்று தெரிந்துவிடும்.

அம்மாவுக்குக் காட்டத்தானே? கேமராமேனை ஒரு ஜம்ப்புக்குப் பணம் கொடுத்துக் கூட்டிப் போங்கள். உங்கள் முகமும் படத்தில் வரும். உங்கள் கேமராவில் எப்படியும் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

ஜாலஹள்ளி குடைக்காரர்:

அந்தப் பெண் சொன்னது முக்கால்வாசி சரி. நான் விமானப்படையில் இருந்தவன். 1987-இல் ஆக்ராவில் ஆகாஷ் கங்கா குழு தொடங்கிய காலத்தில் அங்கே குடை மடிக்கிற கூடத்தில் வேலை. பாராசூட்டை நாங்கள் குடை என்றுதான் சொல்வோம்.

தம்பி, வாங்குவது இருக்கட்டும், எங்கே வைப்பாய்? மடிவாளாவில் பால்கனியிலா? நைலானுக்கு வெயில்தான் எமன். பார்க்க நிறம் மட்டும் வெளுத்த மாதிரி இருக்கும், விரலால் இழுத்தால் காகிதம் மாதிரி கிழியும். கார் டிக்கியிலும் வைக்காதே. அங்கே சூடு ஒரு பக்கம், பேட்டரி அமிலம் இன்னொரு பக்கம். அமிலம் ஒரு சொட்டு பட்டாலும் பட்டை போச்சு. பெங்களூரு மழைக்காலத்தில் பரணில் ஏற்றினாலும் பூசணம் பிடிக்கும். படுக்கையறை அலமாரியின் நடுத் தட்டு, மேலே பருத்தித் துணி. மனைவி சேலை வைக்க இடம் கேட்டால் சமாதானம் பேசிக்கொள்.

ஏஏடி விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. எந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பு வந்தால் கை சோம்பிவிடும்.

கேமரா பற்றி ஒன்று. 1988-இல் அமெரிக்காவில் வட கரோலினாவில் ஒருவர், 800 ஜம்ப்புக்கும் மேல் செய்தவர், மாணவர்களைப் படம் பிடிக்கக் குதித்தார். வீடியோ ரெக்கார்டர் மூட்டை முதுகில் இருந்தது, குடை இல்லை. முதுகில் கனம் இருந்ததால் குடை இருப்பதாக நினைத்துக்கொண்டார் போல. விமானத்தில் இருந்தவர்களும் கவனிக்கவில்லை.

அல்சூர் காத்தாடி:

ஐயா, சேமிப்பு பற்றிச் சொன்னதற்கு நன்றி, நான் மறந்தே போனேன். ஆனால் ஏஏடிக்காக வாதாடுவேன். சைப்ரஸ் ரிசர்வைத் திறப்பது ஏறக்குறைய 225 மீட்டரில், அதுவும் நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால்தான். அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு யாரும் இருக்க முடியாது. வேறொருவர் முழங்கால் தலையில் இடித்து நினைவு தப்புகிற நாளுக்காக அது.

ஜாலஹள்ளி குடைக்காரர்:

அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன் அம்மா.

கோரமங்கலா கோழிக்குஞ்சு:

61 ஜம்ப்தான், அதனால் தொழில்நுட்பம் பேச மாட்டேன். ரிக்கை விமானத்தில் கொண்டுவருவது பற்றி மட்டும். லக்கேஜில் போடாமல் கையிலேயே எடுத்து வாருங்கள். ஏஏடியோடு ஒரு எக்ஸ்ரே அட்டை வரும், உள்ளே என்ன இருக்கிறது என்று படத்தோடு. ஒரு விமான நிலையத்தில் (பெயர் வேண்டாம்) அட்டை இல்லாமல் மாட்டிக்கொண்டேன். "பிரித்துக் காட்டுங்கள்" என்றார்கள். ரிசர்வைப் பிரித்தால் மறுபடி ரிக்கர்தான் மடிக்க வேண்டும் என்று நாற்பது நிமிஷம் விளக்கினேன். கடைசியில் ஒரு பெரிய அதிகாரி வந்து, "குதிப்பீர்களா? நிஜமாகவா?" என்று கேட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

மடிவாளா மேகம்:

எல்லோருக்கும் நன்றி. லேபிள் போட்டோ கேட்டேன். இரண்டு நாள் பதிலில்லை, மூன்றாம் நாள் அனுப்பினார். ஏஏடி 2010-இல் செய்தது. அக்கா சொன்ன மாதிரி பொம்மைதான். ரிசர்வ் பரவாயில்லை, 11 கட்டம்தான் நிரம்பியிருக்கிறது. லைன் மாற்றவே இல்லையாம். மெயின் லிஃப்ட் வெப் அளவை ரிக்கரிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். அந்த ரிக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் அளவுக்கு 190 எங்கேயாவது கிடைக்கும்வரை வாடகையே. ஹெல்மெட்டுக்கு மட்டும் ஆர்டர் போட்டாயிற்று.

சும்மா இருக்க முடியாமல் நண்பனின் கேமரா ஹெல்மெட்டைக் கடன் வாங்கி, பூ நூல் சோதனை செய்து பார்த்தேன். அவன் 300 ஜம்ப்காரன், "என் செட்டப்பில் ஒன்றும் மாட்டாது" என்று சவால் விட்டான். நான்கு இடத்தில் மாட்டியது. ஆள் முகமே மாறிவிட்டது.

அல்சூர் காத்தாடி:

தாடைப் பட்டையின் கொக்கியையும் சேர்த்தா நான்கு? முன்னாலிருந்து இழுத்தால் அது தெரியாது. காதுக்குப் பின்னாலிருந்து கீழ்நோக்கி ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மடிவாளா மேகம்:

இப்போதுதான் இழுத்தோம். ஐந்து.