புதுப்பிப்பு: விர்ச்சுவல் மெஷினில் வேட்ராய்ட், கறுப்புத் திரை தீர்ந்தது

ஹட்டன் வகுப்புக் கணினியில், உபுண்டு விர்ச்சுவல் மெஷினுக்குள் (கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) வேட்ராய்ட், அதாவது லினக்ஸில் ஆண்ட்ராய்ட் ஆப்களை ஓட்டும் மென்பொருள், கறுப்புத் திரையோடு நிற்கிறது என்று போன கிழமை எழுதியிருந்தேன். கேவிஎம் (லினக்ஸ் கேர்னலில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் வசதி) இல்லாததால்தான் என்று நினைக்கத் தோன்றும்; அது காரணமில்லை. வேட்ராய்ட் கண்டெய்னரில், அதாவது உபுண்டுவுக்குள்ளேயே தனியாகப் பிரித்த சூழலில், ஓடுவது; அதே லினக்ஸ் கேர்னலையே பகிர்ந்துகொள்ளும். பைண்டர் மொட்யூலும் (ஆண்ட்ராய்ட் ப்ரோக்ராம்கள் தமக்குள் பேசக் கேர்னலில் வேண்டிய பகுதி) வேலண்ட் செஷனும் (லினக்ஸின் திரை காட்டும் முறை) இருந்தால் போதும், இரண்டும் இருந்தன. குறை கிராஃபிக்ஸில்தான்.

வேட்ராய்டின் கொன்ஃபிக் ஃபைலில் ப்ரொப்பர்டீஸ் தலைப்பின் கீழ் இரண்டு வரி சேருங்கள்: ஹார்ட்வெயார் கிராலொக்குக்கு (படத்துக்கு மெமரி ஒதுக்குவது) ‘டிஃபோல்ட்’, ஹார்ட்வெயார் ஈஜிஎல்லுக்கு (படம் வரைவதற்கான இணைப்பு) ‘ஸ்விஃப்ட்ஷேடர்’, அதாவது கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் வரையும் மென்பொருள். பிறகு அப்கிரேட் கட்டளையைக் கட்டாயம் ஒஃப்லைன் ஓப்ஷனோடு கொடுங்கள். இல்லாவிட்டால், புது ஆண்ட்ராய்ட் சிஸ்டம் இமேஜ் வந்திருந்தால் முழுதாக இறக்கத் தொடங்கும். மலையில் டேட்டா அப்படியே கரைந்துவிடும். செஷனை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் முகப்பு தெரியும்.

இனி படம் வரைவதெல்லாம் சிபியூ வேலை. மெஷினுக்கு 4 கோர் கொடுங்கள். கேம்ஸ் எதிர்பார்க்க வேண்டாம். ஆர்ம் சிப்புக்கு (ஃபோன்களில் இருக்கும் வகை) மட்டும் கட்டிய ஆப்கள் இன்னும் ஏறாது, அதற்கு ஆர்ம் கட்டளைகளை இந்தக் கணினியின் சிப்புக்கு மாற்றித்தரும் லைப்ரரி தனியாகப் போடவேண்டும்.