நம்ம குடும்பம் குரூப்: அறுக்காம போஸ்ட்மார்ட்டம் பண்ண முடியுமா?

பெரியம்மா: எதுத்த வீட்டுப் பையன் பைக்ல போயி விழுந்து போய்ட்டான்ல, பாடி இன்னும் மார்ச்சுவரிலதான் இருக்கு. அவங்கம்மா எம்புள்ளய அறுக்க விடமாட்டேன்னு ஒரே அழுகை. டெல்லில ஸ்கேன்லயே பாத்துருறாங்களாமே, காவ்யா, நெசமா?

முருகேசன் மாமா: அறுக்காம உள்ள என்னன்னு எப்படித் தெரியும்? சும்மா ஃபார்வர்டா இருக்கும்

காவ்யா: நெசந்தான் மாமா. டெல்லி எய்ம்ஸ்ல 2021 மார்ச்சுல இதுக்குன்னு தனி சென்டரே ஆரம்பிச்சாங்க. 2022 செப்டம்பர்ல காமெடி நடிகர் ராஜு ஸ்ரீவஸ்தவா இறந்தப்ப அவருக்கும் அப்படித்தான் பாத்தாங்க. சுவிட்சர்லாந்துல பெர்ன் ஊர்ல அதுக்கு முன்னாடியே பண்ண ஆரம்பிச்சிட்டாங்க

செல்வம் சித்தப்பா: அப்ப கத்தியே வேணாமா?

காவ்யா: அப்படி இல்ல சித்தப்பா. எலும்பு, குண்டு, உள்ள கட்டுன ரத்தம், காத்து, இதெல்லாம் சிடி ஸ்கேன்ல பளிச்சுனு தெரியும். கழுத்து ரத்தக்குழாய் அறுபட்டா காத்து உள்ள இழுத்து இதயத்துக்குப் போயிரும், கத்தி வச்சுத் தொறந்தா அது வெளிய போயிரும், ஸ்கேன்ல இதயத்துக்குள்ள கறுப்பா நிக்கும். மூஞ்சி எலும்ப சாதாரணமா தொறக்க மாட்டாங்க, அங்க இருக்குற விரிசலும் இதுல தெரியும். ஆனா இறந்தவங்க உடம்புல ரத்தம் ஓடாதுல்ல, அதனால இதயக் குழாய் அடைப்பு, நுரையீரல்ல ரத்தக்கட்டி போய் அடைச்சது இதெல்லாம் சிடில தவறிரும். 2012ல வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒண்ணுல 182 பாடிய ரெண்டு விதமாவும் பாத்தாங்க, 32 சதவீதத்துல சிடி சொன்ன காரணத்துக்கும் அறுத்துப் பாத்த காரணத்துக்கும் பெரிய வித்தியாசம். விஷம்னா விசேரா, அதாவது உள்ளுறுப்புத் துண்டுங்கள எடுத்து லேபுக்கு அனுப்பித்தான் ஆகணும்

பெரியம்மா: அப்ப அறுக்கத்தான் செய்வாங்களா, அவ என்ன பண்ணுவா பாவம்

காவ்யா: பெரியம்மா, ஆக்சிடென்ட் கேசுல போலீஸ் கேட்டா வீட்டுக்காரங்க சம்மதமே தேவையில்ல, தடுத்தா பாடி கெடைக்குறதுதான் லேட்டாகும். ஆனா எனக்கு அறுக்குறத விடவும் பெருசாத் தெரியிறது வேற. நம்ம ஆளுங்க எரிச்சிருவோம், நாளைக்கு வண்டி இடிச்சுச்சா அடிச்சுப் போட்டாங்களான்னு சந்தேகம் வந்தா மறுபடி பாக்க ஒண்ணுமே இருக்காது. ஸ்கேன் எடுத்திருந்தா அந்தப் படம் அப்படியே இருக்கும், வேற டாக்டர் கூட பத்து வருசம் கழிச்சு ஒவ்வொரு எலும்பாத் திருப்பிப் பாக்கலாம், கோர்ட்ல ஜட்ஜுக்கே காட்டலாம். நம்ம ஊர்லயும் இது கட்டாயமா வரணும், ஏழைப் பிள்ளைங்க கேஸ் எத்தன இப்படிக் கேட்பாரில்லாம முடிஞ்சு போகுது!

செல்வம் சித்தப்பா: இது சரியான பேச்சு

காவ்யா: மெல்போர்ன்ல 2005லயே மார்ச்சுவரிக்கு சிடி மெஷின் வச்சிட்டாங்க சித்தப்பா, 2009ல காட்டுத்தீல 173 பேர் செத்தப்ப கருகிப்போனவங்கள யாருன்னு கண்டுபிடிக்க அது ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சு

முருகேசன் மாமா: நம்ம ஜிஹெச்ல இருக்கா

காவ்யா: பாடிக்குன்னு தனியா இல்ல மாமா. ஆனா போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்னாடி தலைக்கும் கழுத்துக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேக்கலாம், எழுதிக் குடுத்தா இன்னும் நல்லது. வீடியோ எடுக்கவும் கேக்கலாம்

பெரியம்மா: சரிடி, காலைல நானே அவங்க வீட்டுக்குப் போயி சொல்லிட்டு வரேன். அந்த எழுதிக் குடுக்குற தாள எப்படி எழுதணும்னு நீ போன்ல சொல்லு

காவ்யா: இப்பவே டைப் பண்ணி அனுப்புறேன் பெரியம்மா