வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாதபோது பிள்ளைக்கு எப்படிப் பழக்குவது?

கேள்வி: அழகாபுரம், சேலம்

வணக்கம். என் மகள் ஆறாம் வகுப்பில் மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு படிக்கிறாள். வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள்தாம். எனக்கும் அவள் அப்பாவுக்கும் அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. சொற்களை எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்து தேர்வில் சரியாக எழுதிவிடுகிறாள். ஆனால் அதே சொல்லைக் கைப்பேசியில் கேட்டால் அவளுக்கு அடையாளம் தெரிவதில்லை. ‘சிறிய’ என்று பொருள்படும் ‘பெத்தி’ என்ற சொல் நேற்றுக் காதில் விழுந்தபோது விழித்தாள். அவளுடைய நோட்டில் அதன் பக்கத்தில் ‘பெட்டிட்’ என்று தமிழில் குறித்துவைத்து, பத்து முறை எழுதியிருந்தாள். மொழி தெரியாத பெற்றோர் வீட்டில் எந்த அளவுக்கு உதவ முடியும்?

பதில் 1: பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சேலம்

அம்மா, உங்கள் மகளிடம் குறை ஒன்றும் இல்லை. கண் முந்திக்கொண்டது, காது பின்தங்கிவிட்டது, அவ்வளவுதான். பிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. ஆண்பாலில் ‘பெத்தி’ என்று ஒலிப்பது, பெண்பாலுக்காக இறுதியில் இன்னோர் எழுத்துச் சேர்ந்தவுடன் ‘பெத்தித்’ ஆகிவிடும். ‘பேசு’ என்னும் வினையை நான், நீ, அவர்கள் என்ற மூன்றுக்கும் இரண்டு மூன்று விதமாக எழுதினாலும் காதுக்கு ‘பார்ல்’ என்றுதான் கேட்கும். எழுத்தைப் பார்த்து ஒலியை ஊகிக்கும் பிள்ளை தடுமாறாமல் இருந்தால்தான் வியப்பு. ஆகவே பாடநூலோடு வரும் ஒலிப்பதிவை நாள்தோறும் பத்து நிமிடம் நோட்டைத் திறக்காமல் கேட்கட்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். எழுதுவது அதற்குப் பிறகு.

மொழி தெரியாதே என்று நீங்கள் தயங்க வேண்டாம், உங்களுக்குத் தமிழ் தெரியும். ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சுக்குப் போகும் பிள்ளைகள் அதன் மூக்கொலி உயிர்களை ‘ன்’ என்று நாக்கை முட்டவைத்துச் சொல்லிப் பழகிவிடுகிறார்கள். நாமோ பேச்சில் ‘மரம்’ என்று முடிக்கும்போது உதட்டை மூடுவதில்லை, ‘வந்தான்’ என்று முடிக்கும்போது நாக்கை முட்டுவதில்லை. இரண்டும் மூக்கு வழியே கரைந்துவிடுகின்றன. ‘நல்ல’ என்னும் பொருளுடைய ‘போன்’ என்ற சொல்லை அந்த ‘மரம்’ முடிவதுபோல முடிக்கச் சொல்லுங்கள், பாதி வேலை முடிந்தது. ‘நீ’ என்பதற்கான ‘து’வில் வரும் உயிர் நம்மிடம் இல்லை, ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவித்தால் அது வரும். அந்தத் ‘து’வை யாரிடம் சொல்லலாம், மரியாதைக்குரிய ‘வூ’வை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை விளக்கவே தேவையில்லை, நீ, நீங்கள் என்று வளர்ந்த பிள்ளைக்கு அது உடனே புரியும்.

பதில் 2: ஏற்காடு

ஐயா சொன்ன ஒலி விஷயத்தை நான் என் மகனுக்கு ஒரு பெயர்ப்பலகையை வைத்துப் புரியவைத்தேன். எங்கள் ஊரில் 1917-இல் தொடங்கப்பட்ட மான்ஃபோர்ட் பள்ளி இருக்கிறது. அதை நடத்தும் புனித கேபிரியேல் சகோதரர்களின் சபை பிரான்சில் தோன்றியது. அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் நடுவில் ஒரு ‘டி’, கடைசியில் ஒரு ‘டி’. பிரெஞ்சுக்காரர் வாயில் இரண்டுமே ஒலிக்காமல், முதல் அசை மூக்கில் கரைந்து, ‘மோன்ஃபோர்’ என்று வரும். அவன் அதைச் சொல்லிப் பார்த்த நாளிலிருந்து கடைசி எழுத்தைக் கண்டாலே சந்தேகப்படுகிறான்.

எண்களுக்கு மலைப்பாதை உதவியது. சேலத்திலிருந்து ஏறும்போது வரும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டே வருவோம். பிரெஞ்சில் 80 என்பதை ‘நான்கு இருபது’ என்றுதான் சொல்வார்கள். நான்கு முறை மலை ஏறினால் எண்பது வளைவு என்றேன். 97 என்பது நான்கு இருபதும் பதினேழும் என்று அவனே கணக்குப் போட்டுச் சொன்னான்.

பதில் 3: செவ்வாய்ப்பேட்டை

தோழி, நான் சொல்லப்போவது பால் பற்றியது. நம் மொழியில் கரண்டிக்கும் கத்திக்கும் ஆண் பெண் கிடையாது. பிரெஞ்சில் கரண்டி பெண்பால், கத்தி ஆண்பால். இதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. சொல்லுக்கு முன்னால் பெண்பாலுக்குரிய ‘லா’ வருவதா ஆண்பாலுக்குரிய ‘லெ’ வருவதா என்பதைச் சொல்லோடு ஒட்டியே மனத்தில் ஏற்ற வேண்டும். சமையலறைச் சாமான்களில் சிவப்புத் தாளும் நீலத் தாளும் ஒட்டினோம். தாளைக் கிழித்த பிறகும் நிறம் என் மகளுக்கு நினைவில் நின்றது. மாம்பழம் வாங்கும்போது ‘மாங்க்’ என்ற அவர்களுடைய சொல், நம் மாங்காய் போர்த்துகீசியர் வழியாகப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லுங்கள். அது பெண்பால். கட்டுமரமும் அங்கே போயிருக்கிறது, ஆனால் ஆண்பாலாக.

ஒன்றில் மட்டும் ஐயாவோடு முழுதாக உடன்பட முடியவில்லை. பள்ளித் தேர்வு எழுத்தில்தான் நடக்கிறது. ஆகவே எழுதும் பயிற்சியை ஒரேயடியாகத் தள்ளிவைத்தால் மதிப்பெண் குறைந்து பிள்ளை மனம் சோர்ந்துவிடும். கேட்ட சொல்லை அன்று மாலையே எழுத வைத்துவிடுங்கள்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. இன்று காலை தோசை ஊற்றும்போது ‘மரம்’, ‘போன்’ இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னோம். நான் சொன்னதை என் மகள் இரண்டு முறை திருத்தினாள். மாலையில் ஒலிப்பதிவில் ‘பெத்தி’ வந்தபோது நோட்டைப் பார்க்காமலே ‘சிறிய’ என்றாள். ஐயா, தொண்டையிலிருந்து வரும் அந்த ‘ர்’ ஒலியை எப்படிப் பழக்குவது என்றும் நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.