4 அடிப் பெட்டியில் கிட்டார்: நாலாம் கம்பி மட்டும் குமுறுகிறது, ஏன்?

பசுந்தான் கம்பி (ரங்கூன்)

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். கிட்டார் பதிவு செய்ய வீட்டுக்குள் ஒரு பெட்டி கட்டினேன். கட்டி முடிக்கும்வரை ஒரே சந்தோஷம். பதிவைப் போட்டுக் கேட்டதும் மனசு விட்டுப்போச்சு.

வீடு பசுந்தானில் ஆறாவது மாடி. லிஃப்ட் கிடையாது, தலைக்கு மேலே தகரம். நம் ஊர் அடுக்குமாடி தெரியும்தானே, 12.5 அடி அகலம், 50 அடி நீளம், ரயில் பெட்டி மாதிரி. பின்கட்டில் சமையலறையை ஒட்டி இடம் பிடித்தேன். 8க்கு 4 பிளைவுட், அரை அங்குலக் கனம், அத்தனை ஷீட்டையும் தோளில் வைத்தே மாடி ஏற்றினேன். உள்ளே நாலு பக்கமும் 1 அங்குல ஃபோம் ஒட்டியாச்சு. கூரைக்கு முட்டைத் தட்டு.

இப்போது என்ன ஆகிறது என்றால், நாலாம் கம்பியை அழுத்தாமல் மீட்டினால் தொம்மென்று குடத்துக்குள் இருந்து வருவதுபோல் வருகிறது. மூன்றாம் கம்பியோ ஐந்தாம் கம்பியோ இப்படி இல்லை. மேல் சுருதிக் கம்பிகள் மட்டும் போர்வைக்குள் இருந்து கேட்பதுபோல் மந்தம். வெளியே ஹாலில் அதே கிட்டார் நன்றாகத்தான் பாடுகிறது. கண்டென்சர் மைக்கை மூலையில் நிறுத்தி, கிட்டார் ஓட்டையைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். கம்பி புதிசுதான். மைக் பழுதா? இதில் கீழ்த்தெரு ஜெனரேட்டர் சத்தமும் குறையவில்லை.

தம்வே டிரம்ஸ்

தம்பி, முட்டைத் தட்டை இன்னும் ரெண்டு அடுக்கு ஒட்டு. காற்று புகாமல் அடைத்துவிட்டால் சரியாகிவிடும்.

கோயில் மைக்செட்

டிரம்ஸ் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்த வேலை வேண்டாம். முட்டைத் தட்டு வெறும் காகிதக்கூழ். மேல் சுருதிச் சத்தத்தைக் கொஞ்சம் கலைத்துவிடும், அவ்வளவுதான். ஜெனரேட்டரைத் தடுக்க அதற்கு எடை இல்லை, அடிச்சத்தத்தைத் தின்ன அதற்குத் தடிமன் இல்லை.

பசுந்தான், ஒரு வேலை செய். டேப் எடுத்து உள் அளவை மூன்று பக்கமும் அளந்து போடு. ஃபோமை விட்டுவிடு, பலகைக்குப் பலகை.

பசுந்தான் கம்பி

அளந்தேன் அண்ணே. அகலம் 47 அங்குலம், ஆழமும் 47. உயரம் சரியாக 96. ஷீட்டை வீணாக்க வேண்டாம் என்று முழுசாகவே நிறுத்திவிட்டேன்.

கோயில் மைக்செட்

அதுதான் சங்கதி. மைக் மேல் பழி போடாதே.

எதிரெதிரே இரண்டு சுவர் இருந்தால், அவற்றுக்கு இடையே போய்த் திரும்பும் தூரம் எந்தச் சுருதியின் அலைநீளத்தோடு சரியாகப் பொருந்துகிறதோ, அந்தச் சுருதி அங்கே தங்கி ஊஞ்சலாடும். 47 அங்குலம் என்றால் 1.19 மீட்டர். போய்த் திரும்ப 2.39 மீட்டர். நம் ஊர்ச் சூட்டில் சத்தம் நொடிக்கு 349 மீட்டர் போகும். வகுத்துப் பார், 146 ஹெர்ட்ஸ் வரும், அதாவது நொடிக்கு 146 அதிர்வு. உன் நாலாம் கம்பி D, அதன் சுருதி 146.8. நீயே ஷீட் வாங்கி அந்தக் கம்பிக்குக் கூடு கட்டிக் கொடுத்திருக்கிறாய்!

அதோடு நின்றதா? அகலமும் ஆழமும் ஒன்று, அதனால் இரட்டிப்பு. உயரம் 2.44 மீட்டர், அதன் முதல் அலை 72 பக்கம் விழும், இரண்டாவது 143. ஆக மூன்று பக்கமும் ஒரே இடத்தில் வந்து குந்திக்கொண்டது. ஷீட்டை வெட்டாமல் நிறுத்தும் எல்லோருக்கும் இந்தக் கதிதான். கொஞ்சம் வருஷத்துக்கு முன் நான் பாடகருக்கென்று கட்டிய அறையிலும் இதே கூத்து. பாட்டுக்காரர் ஒரு சுரத்துக்கு வரும்போதெல்லாம் பதிவில் ஊதிக்கொண்டு நின்றது. அவர் தொண்டையில்தான் கோளாறு என்று இரண்டு நாள் சுக்கு வெந்நீர் கொடுத்தோம்.

நம்பிக்கை இல்லாவிட்டால் சோதித்துப் பார். பெட்டிக்குள் நின்று, நாலாம் கம்பியை மீட்டி அதே சுருதியில் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று பாடு. பாடிக்கொண்டே தலையைப் பக்கச் சுவரை நோக்கி மெதுவாகக் கொண்டுபோ. சுவரை நெருங்க நெருங்கச் சத்தம் வீங்கும், நடுவுக்கு வந்தால் வற்றும். மூலைதான் மூன்று அலையும் முட்டும் இடம். நீ மைக்கைக் கொண்டுபோய் அங்கேதான் வைத்திருக்கிறாய்.

மேல் கம்பி மந்தமானதற்கு ஃபோம்தான் காரணம். 1 அங்குல ஃபோம் 1,000க்கு மேலேதான் நன்றாகத் தின்னும். 146ஐத் தொடக்கூடத் தொடாது. நெய்யைத் தின்றுவிட்டுக் கஞ்சியை உனக்கு வைத்திருக்கிறது.

பசுந்தான் கம்பி

அண்ணே, பாடிப் பார்த்தேன். சுவரில் காதை வைத்தால் மண்டை அதிர்கிறது! அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, என்னடா உள்ளே தியானமா என்று கேட்டார்கள். சரி, இப்போது இடித்துவிடுவதா? காசு கரைந்துவிட்டது.

கோயில் மைக்செட்

இடிக்க வேண்டாம். ஒரு ஷீட்டைக் கழற்று. ஹாலின் நீளத்தைப் பார்த்திருக்கும் பக்கத்தைக் கழற்றிவிட்டால் அடிச்சத்தத்துக்கு ஓட இடம் கிடைக்கும். கிட்டாருக்கு மூடிய சின்னப் பெட்டி ஆகவே ஆகாது என்பது என் கட்சி. வாய்ப்பாட்டுக்குப் பரவாயில்லை. கிட்டார் உடம்பே 100 பக்கம் காற்றை ஊதுகிற வாத்தியம், 82இல் தொடங்குகிற கம்பி வேறு. அதை அலமாரிக்குள் பூட்டினால் அலமாரிதான் பாடும்.

கழற்றிய பிறகும் பக்கச் சுவர் இரண்டும் எதிரெதிரேதான் நிற்கும். அதில் ஒன்றுக்குத் தடிமனான தடுப்பு கொடு. இதை மோல்மீன் மாமா சொன்னால் நன்றாக இருக்கும்.

மைக்கை மூலையிலிருந்து எடு. ஓட்டையைக் குறி வைக்காதே, குமுறலே அங்கிருந்துதான் வருகிறது. கழுத்தும் உடம்பும் சேரும் பக்கம், கழுத்தின் குறுக்கே இருக்கும் 12ஆம் ஃப்ரெட்டைப் பார்த்து, ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளி வை. இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் இருக்கட்டும். உயரத்து அலை தரையிலிருந்து 2 அடியில் அடங்கும். அதனால் டீக்கடையில் போடுவார்களே, அந்தக் குட்டி பிளாஸ்டிக் முக்காலி, அதில் உட்கார்ந்து வாசி. சிரிக்காதே, வாசித்துப் பார்.

மோல்மீன் தச்சர்

கூப்பிட்டதால் வந்தேன். தம்பி, ராக்வூல் (கல்லை உருக்கி நூற்ற பஞ்சு) கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பழைய இலவம்பஞ்சு மெத்தை போதும். தெயின்ஜி சந்தைப் பக்கம் விசாரித்தால் பஞ்சாகவே கிடைக்கும். 6 அங்குல ஆழத்துக்கு மரச்சட்டம் அடித்து, பின்பக்கம் வலை, முன்பக்கம் காற்றுப் போகிற பருத்தித் துணி. வாயால் ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும், ரெக்சின் கூடாது. பஞ்சை அமுக்கித் திணிக்காதே, உதிரியாக இருக்கட்டும். சுவரை விட்டு 4 அங்குலம் தள்ளி நிறுத்து. அந்தக் காலி இடமும் வேலை செய்யும். 146ஐ முழுசாக விழுங்க 2 அடிக் கனம் வேண்டும், அதற்கு உனக்கு இடமில்லை. இருந்தாலும் குமுறலின் வாலைக் குறைத்துவிடும். மைக்செட் சொன்னதையும் சேர்த்துச் செய்தால் போதும்.

மழைக்காலம் முடிந்ததும் பஞ்சை மொட்டைமாடியில் காயவை. ஈரம் கோர்த்தால் பூஞ்சை பிடித்து நாறும்.

அப்புறம் ஃபோம் விஷயம். இதைச் சொல்லாமல் போக மாட்டேன். கரண்ட் போனதும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் போகாதே. ஃபோம் பற்றினால் நொடியில் பரவும், புகை விஷம். உன் வீடு ஆறாவது மாடி, படி ஒன்றே ஒன்று. டார்ச் வைத்துக்கொள்.

பெகு வீணை

தம்பி, கிட்டாரை அந்தப் பெட்டியிலேயே விட்டுவிடாதீங்க. ஆடியில் இங்கே காற்றில் ஈரம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 வரை இருந்தால் சுகம். ஈரம் குடித்தால் மேல்பலகை உப்பும், கம்பி எழும்பும், வாசிக்க விரல் வலிக்கும். உறையில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்க. என் மிருதங்கக்காரர் மழை மாதத்தில் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

தம்வே டிரம்ஸ்

அப்போ ஜெனரேட்டர்? ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டால் இன்னும் உள்ளே வராதா?

கோயில் மைக்செட்

வரும். மூடியிருந்தபோதும் வந்துகொண்டுதானே இருந்தது? அரை அங்குலப் பலகைக்கு அந்த உறுமலைத் தடுக்கும் எடை இல்லை. எடையை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் குறையும், அதுவும் இடுக்கு ஒன்றுகூட இல்லாமல் அடைத்தால்தான். அதற்குச் செங்கல் வேண்டும். செங்கல்லை ஆறு மாடி தூக்குகிறாயா? நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். கரண்ட் இருக்கும் விடியற்காலை 4 மணிக்கு எந்த ஜெனரேட்டரும் ஓடாது. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டு, 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் போகும்.

பசுந்தான் கம்பி

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஷீட் ஒன்றைக் கழற்றிவிட்டேன். அதில் பாதியை அறுத்து மாமா சொன்ன சட்டத்துக்கு முதுகாகக் கொடுக்கப் போனேன். அப்புறம்தான் பின்பக்கம் வலை என்று எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது, நல்லவேளை. பாட்டி வீட்டு மெத்தையைப் பிரித்தேன். மூன்று நாள் வீடு முழுக்கப் பஞ்சு, அப்பா தும்மித் தீர்த்தார். திறந்த பக்கத்துக்கு நேர் எதிர்ச் சுவரில் ஃபோமை உரித்துப் பலகையை வெறுமையாக விட்டேன். முதல் கம்பிக்கு உயிர் வந்துவிட்டது.

நாலாம் கம்பி இப்போது மற்றக் கம்பிகளோடு ஒட்டிப் போகிறது. மைக்கைப் பழைய மூலைக்குத் தள்ளினால் மட்டும் லேசாக எட்டிப் பார்க்கிறது. முக்காலி விஷயம் வேடிக்கைக்குச் சொன்னீர்கள் என்று நினைத்தேன் அண்ணே. நாற்காலியில் ஒரு தரம், முக்காலியில் ஒரு தரம் பதிவு செய்து அம்மாவிடம் எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்டினேன். முக்காலியைத்தான் கை காட்டினார்கள். முட்டி வலிக்கிறது, அது வேறு விஷயம்.

நேற்று 4 மணிக்கு எழுந்து இரண்டு பாட்டு எடுத்தேன். மூன்றாவது பாதியில் தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அதற்கு ஏதாவது வழி உண்டா?

மோல்மீன் தச்சர்

எங்கள் ஊரில் இருந்துகொண்டு இதற்கு வழி தெரிந்திருந்தால் நான் ஏன் தச்சனாக இருக்கிறேன்? தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்பினால் துளியின் அடி மழுங்கும், காற்றில் பறக்காமல் கட்டு. வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்.

தம்வே டிரம்ஸ்

அந்த முட்டைத் தட்டெல்லாம் சும்மாதானே கிடக்கிறது? எங்கள் தெரு முட்டைக்காரம்மா கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளட்டுமா?