மறு: பிக்கிள்போல் – துளைப்பந்தாட்டம் என்று வைப்போம்

குழுவினருக்கு வணக்கம்.

வலைக்கு இரு பக்கமும் நின்று, கைப்பலகையால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை அடித்து ஆடும் பிக்கிள்போலுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இதுவரை நடந்த பேச்சை முழுக்க வாசித்தேன். அச்சாறுப்பந்து, துடுப்புப்பந்து, குறுந்தென்னிஸ், இல்லாவிட்டால் பிக்கிள்போல் என்றே விட்டுவிடுவது என நான்கு யோசனைகள் வந்திருக்கின்றன. எனக்கு நான்கிலும் உடன்பாடில்லை. துளைப்பந்தாட்டம் என்பது என் முன்மொழிவு.

ஆங்கிலத்தில் ‘பிக்கிள்’ என்றால் ஊறுகாய், அச்சாறு என்பதால் வந்த அச்சாறுப்பந்தை முதலில் ஒதுக்கிவிடலாம். 1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிஜ் தீவில், ஜோயல் பிரிட்சார்ட், பில் பெல், பார்னி மெக்கல்லம் என்ற மூவர் உருவாக்கிய ஆட்டம் இது. படகுப் போட்டியில், மற்றப் படகுகளுக்கு எடுத்ததுபோக மிஞ்சியவர்களைச் சேர்த்து ஓட்டும் படகைப் பிக்கிள் படகு என்பார்களாம். பல ஆட்டங்களிலிருந்து எடுத்துச் சேர்த்த ஆட்டம் என்பதால் பிரிட்சார்ட்டின் மனைவி ஜோன் அந்தப் பெயரை வைத்தார் என்பது ஒரு கதை. அவர்கள் வீட்டு நாயின் பெயர் என்பது இன்னொரு கதை. இரண்டிலும் சாப்பாட்டுச் சாமான் கிடையாது. அச்சாறுப்பந்து என்று பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டால் பிள்ளைகள் காலத்துக்கும் பிழையாகவே விளங்கிக்கொள்வார்கள்.

துடுப்புப்பந்து நல்ல சொல்தான், படகுக் கதைக்கும் பொருந்துகிறது. ஆனால் நம் இலங்கையில் துடுப்பாட்டம் என்றாலே கிரிக்கெட். வானொலியில் ‘துடுப்பு’ என்று தொடங்கும்போதே கேட்பவர் மனது மைதானத்துக்குப் போய்விடும். கையில் பிடிக்கும் பலகைக்குத் துடுப்பு என்ற சொல்லை வைத்துக்கொள்வோம். ஆட்டத்தின் பெயருக்கு வேண்டாம்.

குறுந்தென்னிஸைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். அதைச் சொன்ன பண்டாரவளை சேர் மன்னிக்க வேண்டும். இந்த ஆட்டம் டென்னிஸ் வயிற்றில் பிறக்கவில்லை. பிரிட்சார்ட்டும் பெல்லும் பழைய பூப்பந்து (பாட்மின்டன்) களம் ஒன்றில், மேசைப்பந்து மட்டையோடும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தோடும் ஆடிப் பார்த்ததுதான் தொடக்கம். இன்றும் களத்தின் அளவு 20 அடிக்கு 44 அடி. இரட்டையர் பூப்பந்துக் களத்தின் அளவும் அதேதான். தாய் யாரென்று கேட்டால் பூப்பந்தைத்தான் காட்ட வேண்டும்.

இதில் வெறும் வம்சாவளி மட்டும் இல்லை, ஒரு நியாயமும் இருக்கிறது. அமெரிக்காவில் டென்னிஸ்காரருக்கும் பிக்கிள்போல்காரருக்கும் களத்துக்காக நடக்கும் சண்டை எல்லாருக்கும் தெரியும். ஒரு டென்னிஸ் களத்தில் நான்கு பிக்கிள்போல் களங்கள் அடங்கும். இரண்டு பேர் ஆடும் இடத்தில் பதினாறு பேர் ஆடலாம் என்றால் களத்தை நடத்துபவர் எந்தப் பக்கம் சாய்வார்? 2024 விம்பிள்டனின்போது நோவக் ஜோகோவிச்சே, கழக மட்டத்தில் டென்னிஸ் ஆபத்தில் இருக்கிறது, களங்களைப் படேலுக்கும் (சுவர் சூழ்ந்த சிறு களத்தில் மட்டையால் ஆடும் இன்னொரு ஆட்டம்) பிக்கிள்போலுக்கும் மாற்றிவிடுவார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். பலகையில் பந்து படும் சத்தம் பற்றிய முறைப்பாடுகள் வேறு. ‘குறுந்தென்னிஸ்’ என்று பெயர் வைத்தால், டென்னிஸ் களத்தில் அதற்கும் பங்கு உண்டு என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

மலையகத்தில் சமதரை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை மைதானம், தொழிலாளரைக் கூட்டி வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்களம், கோயில் முன்றல், அவ்வளவுதான். துரைமார் காலத்தில் வெட்டிய டென்னிஸ் களங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சியிருக்கின்றன. எங்கள் பக்கத்தில் அப்படியொரு களத்தில் இப்போது பிக்கிள்போலுக்காக மஞ்சள் நிறத்தில் இன்னொரு கோட்டுக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே டென்னிஸ் பழகும் பிள்ளைகள், பந்து வெளியேயா உள்ளேயா என்று பார்க்க எந்தக் கோட்டைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. எத்தனையோ தலைமுறை அந்தக் களத்துக்கு உருளை இழுத்துவிட்டு, வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போதுதான் உள்ளே நின்று ஆடுகிறார்கள். அவர்களிடமிருந்து அதைப் பிடுங்கக் கூடாது. பூப்பந்துக் கோடு போட்ட பாடசாலை மண்டபம் எங்கே இருக்கிறதோ அங்கே இந்தப் புது ஆட்டம் வரட்டும், நானே முன்னால் நிற்பேன்.

சரி, ஏன் துளை? அக்கா மகன் லீவுக்கு வந்தபோது ஒரு பந்து கொண்டுவந்தான். பெருவிரல் நுனிகூட நுழையாத சின்னச் சின்னத் துளைகள். புல்லில் விழுந்தால் பனித்தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. எடுத்து நாலு தரம் உதறினால்தான் திரும்ப ஆடலாம். விதிப்படி 26 முதல் 40 துளைகள் இருக்கலாம். வெளியே ஆடும் பந்துக்குத் துளை சிறியது, எண்ணிக்கை கூட. காற்று அந்தத் துளைகளில் பிடிபடுவதால்தான் பந்து வேகம் குறைந்து வருகிறது. அதனால்தான் அறுபது வயதுக்காரரும் பேரனோடு சரிக்குச் சரி நிற்க முடிகிறது. டென்னிஸ் பந்தோ உள்ளே அடைத்த காற்றின் அழுத்தத்தில் துள்ளுவது. 1,219 மீற்றருக்கு மேலே ஆடுவதற்கென்று அதில் தனி வகையே உண்டு, நுவரெலியா அதைவிட உயரம். துளைப்பந்துக்கு அழுத்தமே கிடையாது. அந்த ஆட்டத்தை ஆட்டமாக்குவது துளை. பெயரும் அதிலிருந்து வருவதுதான் முறை. பிள்ளைகள் ‘ஓட்டைப்பந்து’ என்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல்லட்டுமே, பொருள் மாறாது.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கும் இது ஒத்துவரும் என்று நினைக்கிறேன். நாம் கரப்பந்து என்பதை அவர்கள் கைப்பந்து என்கிறார்கள், நம் உதைபந்து அவர்களுக்குக் கால்பந்து. பூப்பந்து என்ற சொல் இரண்டு கரையிலும் இரண்டு வேறு ஆட்டத்தைக் குறிக்கிறது. துளைப்பந்திலாவது முதலிலேயே ஒன்றாக நிற்கலாம்.

அப்புறம், வலையின் இரு பக்கமும் 7 அடிக்கு இருக்கும் பகுதி. ஆங்கிலத்தில் அதைச் சமையலறை என்கிறார்கள். அங்கே நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. நிலத்தில் குத்தி எழுந்த பந்தென்றால் உள்ளே போய் அடிக்கலாம். பேச்சில் ‘குசினி’ என்றே வைப்போம், அது ஏற்கெனவே நம் வீட்டுச் சொல். விதிநூலுக்கு ‘அந்தர அடி விலக்கு வலயம்’ என்று எழுதலாம். தரையில் படுமுன் அடிப்பதை அந்தர அடி என்றால் விளக்கமே தேவைப்படாது. சேர்விஸுக்குக் கரப்பந்துப் பாடத்தில் இருக்கும் ‘பணித்தல்’ போதும்.

எனக்குச் சொல் கிடைக்காதது ஒன்றுதான். இரட்டையர் ஆட்டத்தில் புள்ளி சொல்லும்போது மூன்று எண் சொல்ல வேண்டும்: பணிக்கும் அணியின் புள்ளி, எதிரணியின் புள்ளி, பணிப்பவர் அந்த அணியில் முதலாமவரா இரண்டாமவரா என்பது. ‘நான்கு, மூன்று, இரண்டு’ என்று கத்தினால் புதிதாகப் பார்க்கும் பிள்ளைக்குக் கடைசி எண்ணும் புள்ளியாகவே கேட்கும். ‘பணிமுறை’ என்று யோசித்தேன், ஆனால் அது அலுவலகச் சுற்றறிக்கை போல இருக்கிறது. உடற்கல்வி படிப்பிக்கும் டீச்சர்மார், சேர்மார் யாராவது களத்தில் கத்திச் சொல்லக்கூடிய ஒரு சிறிய சொல் தாருங்கள். மூன்றெழுத்துக்குள் இருந்தால் நல்லது.